குழாய் இல்லாத இயந்திரம்

துணி காய்ந்துவிட்டதா என்பதை அவள் உள்ளங்கையால் அறிவாள். ஓசூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையின் சலவை அறையில், பழைய உலர்த்தும் இயந்திரத்தின் தகரக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். அவள் வெளியே ஓடி, குழாயின் வாயில் கையை நீட்டுவாள். காற்று ஈரமாக வந்தால் தொழிலாளர்களின் கோட்டுகள் இன்னும் காயவில்லை; வறண்டு சுட்டால் காய்ந்துவிட்டன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்தில், சலவை அறையைக் கட்டடத்தின் நடுவே மாற்றினார்கள். வெளிச்சுவரே இல்லாத அறை. அதற்கேற்பக் குழாயில்லாத புதிய இயந்திரம் வந்தது. பிற்பகல் இரண்டு மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் துவைத்த வெள்ளைக் கோட்டு இல்லாமல் வேலைக்கூடத்துக்குள் நுழைய முடியாது. அவளோ தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தற்காலிகப் பணியாளர். அவளை நிரந்தரமாக்கலாமா என்று சூப்பர்வைசர் அந்த வாரம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மணிக்கும் கோட்டுகள் ஈரமாகவே இருந்தன. அவள் இயந்திரத்தின் கதவைத் திறந்தாள், தொட்டாள், மூடினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் திறந்தாள்.

"என்னாக்கா இது, மூக்கில்லாத மிசினு! ஆவி எப்டி வெளிய போவும்? உள்ளயே கெடந்தா துணி இட்லி மாதிரி வெந்துறாதா?"

"கொஞ்சம் சும்மா இரு. மிசினோட வந்த புஸ்தகத்தப் பாக்கறேன்."

"நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள ரெண்டு மணி சங்கு ஊதிருவான்."

பழைய இயந்திரம் ஈரக்காற்றை வெளியே தள்ளிவிடும். புதியது அதே காற்றை உள்ளேயே சுழற்றி, வழியில் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி அடியிலுள்ள பெட்டியில் சேர்க்கும். ஆகவே நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். இடையில் கதவைத் திறந்தால் சேர்ந்த சூடு போய்விடும். ஆவிக்கு வழிவிடுவதாக நினைத்து அவள் சூட்டைத்தான் வெளியேற்றிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தேன்.

பெட்டியை இழுத்துக் காட்டினேன். இரண்டு தம்ளர் தண்ணீர்கூட இல்லை. கதவைத் திறக்கத் திறக்கச் சூடு போய்விடுகிறது என்றேன்.

அதன்பின் அவள் கைகளைத் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எனக்கும் புத்தகத்தின் ஒரே வரியே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. சங்கு ஊதியது. நடையில் செருப்புச் சத்தம் கூடியது. சூப்பர்வைசர் உள்ளே வந்து இயந்திரக் கதவின் பிடியில் கைவைத்தார்.

"கோட் எங்கம்மா?"

அவள் குறுக்கே போய் நின்றாள். "தெறக்காதீங்க சார்! தெறந்து தெறந்து பாத்து நான்தான் கெடுத்தேன். நீங்களும் தெறந்தா இன்னும் லேட்டாவும். பத்து நிமிசம் குடுங்க சார்."

அவர் கையை எடுத்தார்.

இயந்திரம் நின்றபோது பெட்டி இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். கோட்டுகள் சூடாக, காய்ந்து வந்தன.

வாரக் கடைசியில் அவர் எழுதிய தாளில் அன்றைய தாமதமும் இருந்தது. நிரந்தரமாக்கலாம் என்பதும் இருந்தது. "அந்த லேட்ட மட்டும் எழுதாம உட்ருக்கலாம், பாருக்கா," என்று சொல்லிக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் கதவை நோக்கிக் கையை நீட்டியவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.