அறுத்த எலுமிச்சை போட்ட துணி

பீரோவின் அடித்தட்டில் ஒரு மீட்டர் நைட்டித் துணி இருக்கிறது. படம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து வைத்திருக்கிறேன். விரித்தால் வெள்ளையில் வட்ட வட்டமாக அறுத்த எலுமிச்சை; மஞ்சள் சுளைகள், ஓரத்தில் தீற்றினாற்போலச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு ஃபிலிம் வரைந்தது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாகல் நகரில் துணிக்கு அச்சடிக்கிற பட்டறை ஒன்றில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மனசு எந்நேரமும் பதறினாலும் கை மட்டும் நடுங்காது. அதனால் டிசைனில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஃபிலிமில் கறுப்பு மையால் பிரித்து வரைகிற வேலை கிடைத்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். சாயம் ஓடிருமோ, ஸ்கிரீன் கிழிஞ்சிருமோ என்று புலம்பாத நாள் கிடையாது. அக்கா வெயில் காலத்துலயும் வெள்ளத்துக்குப் பயப்படுவாக என்று அச்சடிக்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அங்கேதான் அவள் வந்து சேர்ந்தாள். பட்டறையில் எல்லாரும் டிசைனரம்மா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். ஒட்டன்சத்திரத்துக்காரி, அப்பாவுக்குக் காய்கறி மண்டி. துணியில் பூ டிசைனாகவே போட்டுச் சலித்துப்போன முதலாளி, மூன்று மாசம் பார்க்கலாம் என்று சேர்த்திருந்தார். ஒரு டிசைனாவது விற்றால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி, வீட்டில் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். காலையில் பை நிறையக் காயோடு வருவாள். வெண்டைக்காயைக் குறுக்கே அறுத்து, "பாருங்க்கா, சாமி எத்தனை நேக்கா கோடு போட்டு வச்சிருக்குதுங்க" என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். வரைந்ததுபோக மிச்சத்தைச் சாயங்காலம் எடுத்துப்போய், மறுநாள் மத்தியானத்துக்கு வெஞ்சனமாக்கிக் கொண்டுவருவாள். அந்தப் பட்டறையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

எலுமிச்சையை வரைந்தபோது மஞ்சள் மட்டும் துணியில் வெளிறித் தெரிந்ததால் ஓரத்துக்குச் சிவப்பு கொடுத்தாள். ஃபிலிமில் எல்லாமே கறுப்பு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பிள் அடித்துக் கையில் வாங்கியதும்தான் அது என்னவென்று புரிந்தது. திருஷ்டி கழித்து முச்சந்தியில் போடுகிற, குங்குமம் தடவிய எலுமிச்சை. மிதித்துவிடக் கூடாதென்று சுற்றிப் போகிறதை யார் உடுத்துவார்கள்? மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது வெறும் பழம். முதலாளி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; அவர் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அச்சடிக்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கலாம், அவர்களை யார் கேட்டது?

சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குக் காலையில்தான் என் புலம்பல் தாங்காமல் அவள் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க்கா, இன்னைக்கு ஒரு நாளாவது பயத்தைக் கழட்டி வச்சுட்டு இருங்க்கா" என்றிருந்தாள். அவளுக்கும் நான் சலித்துப்போய்விட்டால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? வாயை மூடிக்கொண்டேன்.

மொத்தமும் அச்சாகி, மதுரையிலிருந்து வந்த வியாபாரி முன்னால் ஒரு துண்டைத் தரையில் விரித்தார்கள். அவர் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"யாருக்குக் கழிச்சதை என் தலையில கட்டப் பாக்குறீக?"

பட்டறையே சிரித்தது. டிசைனரம்மா துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் கண்ணுக்கு அது தெரிந்தது.

அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஏறுவதற்கு முன்னால் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பயப்படுவீங்களே அக்கா, இது மட்டும் உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

தோணலை என்றேன்.

சில வருஷத்தில் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்து, நிறம் பிரிக்க ஆள் தேவைப்படாமல் போனது. இப்போது ஒண்டியாக இருக்கிறேன். அமாவாசைக்கு மறுநாள் கடை வாசல்களில் கிடக்கிற எலுமிச்சையை ஊரே தாண்டிப் போகிறது. நான் செத்த நேரம் நின்று சுளைகளைப் பார்க்கிறேன். அவள் வரைந்ததில் ஒரு கோடுகூடப் பிசகில்லை.

அப்படிப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில் துணியை எடுத்துக் கட்டிலில் விரிப்பேன். "தோணுச்சும்மா" என்று அதைப் பார்த்துச் சொல்வேன். பிறகு, படம் உள்ளே போகிற மாதிரி மடித்து வைத்துவிடுவேன்.