சிதைந்ததாக நான் எழுதிய மூன்று வரிகள்

ஓசூருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம் எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ் வாத்தியார். இங்கே கடைத்தெருவில் ஒரே ஆள் அரிசிக்குத் தெலுங்கிலும் புளிக்குக் கன்னடத்திலும் விலை சொல்லிவிட்டு, என்னோடு தமிழில் சண்டை போடுவார். மாநில எல்லை எங்கே விழும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நான் எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தேன்.

தலையாட்டிய தோஷம், தொல்பொருள் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அவர்களில் கல்லில் இருக்கும் பழைய வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். அதுவும் எழுத்துக் கூட்டித்தான். மாதம் ஒரு சுற்றறிக்கை எழுதி, பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதியெடுத்து அனுப்புவது என் வேலை. ஒரு பக்கம் சங்கச் செய்திகள், மறுபக்கம் வரவிருக்கும் நிகழ்ச்சிகள். மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டால் எல்லாரும் வருவார்கள். போடாவிட்டால் நானும் உறுப்பினரான ஊர் டாக்டரும்தான்.

சங்கத் தலைவர் தேன்கனிக்கோட்டைச் சாலையில் நிலபுலம் உள்ளவர், நல்ல மனிதர். அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் ஒரு நடுகல் நின்றது. கையில் வில்லோடு ஒரு வீரன், அவன் தலைக்கு மேலே எழுத்து. அந்த மாதச் சுற்றறிக்கையில் இரண்டு நிகழ்ச்சிகள் போட்டேன். வரும் ஞாயிறு கல்வெட்டை மைப்படி எடுத்தல், சாப்பாடு தலைவர் வீட்டில். அடுத்த மாதம், வெயிலிலும் மழையிலும் வீணாகும் கல்லைப் பெயர்த்து வண்டியில் சங்க அறைக்குக் கொண்டுவருதல். ரொம்பப் பெருமையாகத்தான் எழுதினேன்.

கல்லுக்கு வேறு சொந்தக்காரர் உண்டு என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அவர் அந்தக் கொல்லையில் தலைமுறையாகக் கூலி வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் கல் அவர்களுக்கு வேடியப்பன் என்ற குலசாமி. வருஷா வருஷம் விளக்கெண்ணெய் தடவிப் பொங்கல் வைக்கிறார்கள். மைப்படி எடுக்க எண்ணெய்ப் பிசுக்குப் போக வேண்டும் என்றேன். அவரே வெந்நீரும் சீயக்காயும் கொண்டுவந்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் காது மடல் வரை தேய்த்துக் கழுவினார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மையை ஒற்றினோம். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் எழும்பி வந்தன.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, எங்க வேடியப்பனை வண்டியில ஏத்தப் போறாங்களாம். நெசங்களா?"

"பத்திரமா வைக்கத்தான்."

"இங்கயே இருக்கணும்னு அதுல எதாச்சும் எழுதியிருக்குதுங்களா? இருந்தா எசமான் கேட்டுக்குவாருங்க. நீங்க சொன்னாப் போதும்."

படித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மூன்று நாள் படித்தேன். எதிரிகள் கவர்ந்து போன மாடுகளை மீட்டு வந்து ஒருவன் செத்துப்போனான் என்றன மேல் வரிகள். கடைசி மூன்று வரிகள் சொன்னது இது: இறந்தவன் சிந்திய ரத்தத்துக்காக, கல்லைச் சுற்றியுள்ள நிலம் அவன் சனங்களுக்குக் கொடுக்கப்பட்டது, அதைக் குலைப்பவன் பாவத்தில் போவான். தப்பாகப் படித்தேனோ என்று மறுபடி எழுத்துக் கூட்டினேன். அதேதான் வந்தது.

இந்தக் கூலிக்காரர்தான் அந்தச் சனமா? யார் சாட்சி? அந்தக் காலத்துத் தானம் இன்றைக்குச் செல்லுமா? செல்லாது. அப்படியானால் சொன்னால்தான் என்ன? சொன்னால், நிலம் எங்களுடையது என்று அவர் தலைவர் முன்னால் போய் நிற்பார், இருக்கிற வேலையும் போகும். இது அவருக்காகப் பட்ட கவலையா, தலைவர் வீட்டுச் சாப்பாட்டுக்காகப் பட்டதா? உண்மையாகவே தெரியவில்லை. தெரியாமலேயே ஸ்டென்சிலில் எழுதினேன்: 'கடைசி மூன்று வரிகள் சிதைந்துள்ளன.'

சந்தை நாளில் அந்தக் கூலிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். புதுச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். சிதைந்துள்ளன என்ற இடத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"செதஞ்சதுன்னா?"

"உடைஞ்சு போச்சு. படிக்க முடியலை."

"அன்னிக்கு எடுத்த தாளு இருக்குதுங்களா?"

பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கடைசி மூன்று வரிகளின்மேல் ஒரு விரலை மெதுவாக நகர்த்தினார். படிக்கத் தெரியாதவர். ஆனாலும் ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போனார்.

"வருசா வருசம் எண்ணெ தடவற கைங்க இது. ஒண்ணுகூட உடையலீங்களே."

மணி அடித்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஒரு மாதமும் அந்த வெட்கத்தோடு சும்மாதான் இருந்தேன்.

குறித்தபடி கல் வண்டியில் வந்தது. தூக்கி இறக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லை நிறுத்திச் சாக்கை அவிழ்த்ததும் உறுப்பினர்கள் கூடி நின்றார்கள். அவர் கல்லுக்கு எண்ணெய் தடவித்தான் அனுப்பியிருந்தார். வீரனுக்கு இல்லை, வில்லுக்கு இல்லை. கடைசி மூன்று வரிகளுக்கு மட்டும்.

"அட, எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றார் டாக்டர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.