கூடையைக் கண்டால் பாயும் நாய்

பூனாகலைப் பக்கம் நான் கொழுந்து எடுக்கும் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல், முழங்கால் வரை காக்கிக் கால்சட்டை. நிற்கும்போதெல்லாம் நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். பங்களாவின் கிழட்டு நாய் மற்ற யாரையும் ஒன்றும் செய்யாது. முதுகில் கொழுந்துக் கூடை இருந்தால் மட்டும் பாயும். என் கெண்டைக்காலில் அதன் பல் தடம் இன்னும் இருக்கிறது.

பங்களாவுக்குப் புதிதாக ஒரு குட்டி வந்தது. பெரிய நாயைப் பார்த்து, அதுவும் எங்கள் கூடைகளைக் கண்டு உறுமத் தொடங்கியது. உடனே அவர் குட்டியைத் தனியே பிரித்து, தினமும் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தூக்கிவந்தார். யாராவது ஒருத்தியின் வெறுங்கூடைக்குள் அதை இறக்கிவிட்டு, உள்ளேயே ரொட்டி போடுவார்.

ஒருநாள் என் கூடையைக் கேட்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"கூடைன்னா தீனின்னு இது நெனைக்கணும் தங்கச்சி. பெருசுக்குக் கூடைன்னா அடி. பழைய கூடையாலயே அடிச்சு அடிச்சுப் பழக்குனது."

"யாரு அடிச்சா?"

"நான்தான். கூடைக்காரங்க பங்களாப் பக்கம் வரக்கூடாதுன்னு தொர சொன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் எங்கள மாதிரி கூலி லயத்துல பொறந்தவருதானே? ஒங்க பொஞ்சாதியும் கூடைதானே சுமக்குது?"

"மொதல்ல கடிச்சது அவளத்தான்."

கையில் சங்கிலி இல்லை; இருப்பதுபோலவே அவர் சுற்றிக்கொண்டு நின்றார்.

குட்டிக்காகக் கூடையை இறக்கி வைத்தேன். மனைவியின் ரத்தத்தைப் பார்த்தும் மாறாத மனிதரை ஒரு குட்டியின் உறுமல் எப்படி மாற்றியது? இன்றும் எனக்குப் புரியவில்லை. கோபமும் ஆறவில்லை.