வாசல் கதவில் ஒரு வட்டம்

அந்த வருஷம் புனேயில் பன்றிக் காய்ச்சல். எல்லோரும் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். நாங்கள் லோஹேகாவில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். என் கணவர் விமானப்படை ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை துபாயில். இவருக்குக் காய்ச்சல் கண்டால் நான் ஒருத்தி எப்படித் தூக்கிக்கொண்டு போவேன் என்பதுதான் எனக்கு ஒரே யோசனை.

மாருதி கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். போனேன். கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து பேசினாள். தாயி என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். மழை கொட்டுவது போலப் பேசினாள். நடக்க முடியாதவர்களைக் கூட்டிப்போக வண்டி வரும் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. மீதி விவரம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது, மராத்தியிலும் இங்கிலீஷிலும். நான் ஊரில் தமிழில் அஞ்சாவது வரை படித்தவள். மராத்தி எழுத்து எனக்கு இன்றைக்கும் படம்தான். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். பத்துப் பேர் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"என்னளா சொன்னாங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

"காய்ச்சல் வந்தா வண்டி வருமாம்."

"நமக்குக் காய்ச்சல்னு வண்டிக்காரனுக்கு யாரு சொல்லுவா?"

"தெரிஞ்சுக்கிடுவாங்க."

"நீ கேக்கல. ஒனக்கு வாயி சோறு திங்க மட்டுந்தான்." பாதி வாயால் சிரித்தார். அந்தப் பாதிதான் அவருக்கு வேலை செய்தது.

இரண்டு நாள் கழித்துத் தாயி வீடு வீடாக வந்தாள். உள்ளே கட்டிலை எட்டிப் பார்த்தாள். சாக்கட்டியால் எங்கள் கதவில் ஒரு வட்டம் போட்டு, அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள். என்னை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு என்னவோ நிறையச் சொன்னாள். தலையாட்டினேன். புரிந்ததா என்று கேட்டாள். "ஹோ" என்றேன். இங்கே ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்களும் கதவில் இப்படித்தான் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு நாங்கள் அழித்துவிடுவோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கதவையும் நிலையையும் ஈரத்துணியால் துடைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பேன். அந்தச் சந்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் அந்த வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் துடைத்தேன்.

திங்கட்கிழமை அவருக்கு உடம்பு சுட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி வந்தது. அவருக்கு வேட்டி மாற்றி, தலை சீவி, மருந்துச் சீட்டைப் பையில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி இரண்டு வீடு தள்ளி நின்று ஒரு கிழவியை ஏற்றியது. பிறகு எங்கள் கதவைத் தாண்டிப் போய்விட்டது. நமக்கு நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். புதன்கிழமையும் தாண்டிப் போனது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை அவருக்கு மூச்சு இழுத்தது. "ஏளா, போய் நிறுத்து" என்றார்.

போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். கையால் வீட்டைக் காட்டினேன். டிரைவர் தலையை நீட்டி ஹிந்தியில், "வட்டம் எங்கே மாவ்ஷி? வட்டம் போட்ட வீட்டுலதான் நிக்கச் சொல்லியிருக்காங்க" என்றான். வெள்ளிக்கிழமை நான் துடைத்தது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எதிர்வீட்டு மராத்திக்காரி வெளியே வந்தாள். சத்தம் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "வட்டம்தானே வேணும் உனக்கு? இதோ என் நெத்தியில இருக்கு, பார்த்துக்கோ. இறங்கித் தூக்கு!" என்றாள். அவன் இறங்கினான். அவளும் ஒரு பக்கம் பிடித்தாள்.

நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முதல் நாளே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிள்ளை போனில் கேட்டான். நான் டாக்டரிடம் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். வந்தவர்களுக்கு டீ போட்டேன். சர்க்கரை போட்டேனா என்று தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அழுகை வரவில்லை. பல நாள் அப்படியேதான் இருந்தது, மரத்துப்போன கால் போல.

அடுத்த மழைக்காலத்தில் தாயி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கையில் ஒரு நோட்டு இருந்தது. எதிர்வீட்டுக்காரி போட்ட சண்டையில், கதவில் எழுதுவதை விட்டுவிட்டார்களாம். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அழிக்காதீங்கன்னு சொன்னேனே மாவ்ஷி" என்றாள், ஹிந்தியில், மெதுவாக.

"சொல்லியிருப்பே. எனக்குப் புரியலை."

"புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"எங்களை மாதிரி ஆளுங்க அப்படித்தான் சொல்லுவோம். புரியலைன்னு சொல்ல வெக்கம். புரிஞ்சுதான்னு கேக்காதே. 'நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க'ன்னு கேளு. சொல்லத் தெரியலைன்னா இன்னொரு தடவை சொல்லு."

ஓட்டை ஹிந்தியில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வெளி ஆளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு பக்கத்தைத் திருப்பி எங்கள் வீட்டு நம்பரைத் தேடினாள். எல்லா வீட்டிலும் கேட்பதை என்னிடமும் கேட்டாக வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"கேளு" என்றேன்.

"இந்த வீட்டுல நடக்க முடியாதவங்க யாராவது?"

"யாரும் இல்லை."

எழுதிக்கொண்டாள்.