பட்டன் பூத்த கல்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரை மீன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்பு என்னவோ லிஃப்ட் ரிப்பேர். ஆனால் அவர் வீட்டு ஹாலில் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்ததால், தொழில் பின்னுக்குப் போய் பொழுதுபோக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. படியில் எதிர்ப்படுகிறவர்கள், "என்ன மீன்காரரே, இன்னைக்குக் கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். அவரும் பல்லைக் காட்டி வைப்பார். உள்ளுக்குள் சுர்ரென்று ஏறும். மீனா முக்கியம்? பவளமல்லவா முக்கியம்! கல்லில் ஒட்டிக்கொண்டு, பூ மாதிரி விரிந்து, விளக்கு அணைந்தால் சுருங்கித் தூங்கும் உயிர்களை இந்த ஜனங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அலுத்துக்கொள்வார்.

மனிதர் கெட்டவர் இல்லை. குடி, சீட்டு என்று எந்தத் தொல்லையும் கிடையாது. வேலையில் அவரைப் போல் கவனமான ஆளைப் பார்க்க முடியாது. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'உள்ளே ஆள் இருக்கிறார், தொடாதே' என்ற பலகையை மாட்டிய பிறகுதான் காலை உள்ளே வைப்பார். "நமக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. அடுத்தவனுக்குத் தெரியணும்" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வதெல்லாம் வெளியேதான். வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்தப் புத்தியையும் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது.

அந்தத் தொட்டி ஒரு பெட்டியளவுதான் இருக்கும். அதற்கே அவர் செய்த சேவகம் கொஞ்சநஞ்சமில்லை. வாளியில் உப்பைக் கரைத்து அளந்து பார்ப்பதென்ன, சூடு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று வேலைக்கு நடுவில் போன் போட்டுக் கேட்பதென்ன! மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் இத்தனை முறை போன் செய்ததில்லை. இதை அவர் மனைவியே பலரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

தொட்டியின் நடுவில் ஒரு பெரிய கல் இருந்தது. வளைவு வாசல் மாதிரி நடுவே ஓட்டையோடு, மீன்கள் புகுந்து புறப்பட வசதியாக இருக்கும். அந்தக் கல்லின்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். எப்போதோ வாங்கிய ஒரு துண்டுப் பவளத்தோடு ஒட்டிவந்த பழுப்புநிற உயிர் ஒன்று அதில் பரவத் தொடங்கியது. சட்டைப் பட்டன் அளவில் வட்ட வட்டமாக இருக்கும், தொட்டால் மூடிக்கொள்ளும். பட்டன் பவளம் என்பார்கள். முதலில் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் முழுவதையும் போர்த்திக்கொண்டு, பக்கத்திலிருந்த பவளங்களையும் அமுக்க ஆரம்பித்துவிட்டது.

தொட்டி போதவில்லை, பெரியதாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, மீன் கடைக்குப் போனார். கடைக்காரரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

"தம்பி, எல்லாத்தையும் புதுத் தொட்டிக்கு மாத்துங்க. இந்தக் கல்லு மட்டும் வேணாம்."

"ஏண்ணே, நல்ல கல்லாச்சே?"

"கல்லு நல்ல கல்லுதான். மேல இருக்கிறது விஷம். சும்மா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. சுரண்டினாலோ, சுடுதண்ணி பட்டாலோ அவ்வளவுதான். அந்த ஆவியை மோந்தா நெஞ்சு அடைச்சுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இப்படித்தான் குடும்பத்தோட ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாரு. செத்துக் காய்ஞ்சு போனாலும் விஷம் போகாது. தண்ணிக்குள்ளேயே பையில போட்டு, இறுக்கிக் கட்டி, அப்படியே தூக்கி எறிஞ்சிடுங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வைங்க."

இவர் தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் அந்த வளைவுக் கல்லை அப்போதே புதுத் தொட்டியின் நடுவில் நிறுத்திப் பார்த்துவிட்டார். இனி யார் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். புதுத் தொட்டிக்கு அவளைச் சம்மதிக்கவைக்க அவர் படாத பாடு பட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். பின்னாலேயே இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் வந்தாள்.

"பெரிய தொட்டி வாங்கிக்கங்க, வேணாம்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. கையில உறை, கண்ணுல கண்ணாடி. இதுல விஷம் கிஷம் ஏதாவது இருக்கா? குழந்தை இருக்கிற வீடு."

"விஷமா? சேச்சே. உப்புத்தண்ணி தெறிச்சா கண்ணு எரியும், அதுக்குத்தான்."

"நிஜமா?"

"உங்கிட்ட பொய் சொல்லுவேனா?"

சொன்னார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். உண்மையைச் சொன்னால் பெரிய தொட்டி மட்டுமல்ல, இருக்கிற தொட்டியும் தெருவுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதியாவது விஷத்தின்மேல் இருந்திருக்கலாம். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டியவன் சொன்னால் நம்புகிற ரகம்.

புதுத் தொட்டி வந்தது. அது லிஃப்டுக்குள் நுழையவில்லை. லிஃப்ட்காரன் வீட்டுச் சாமான் லிஃப்டில் போகாமல் படியில் போகிறதே என்று குடியிருப்பே கூடி நின்று கிண்டல் செய்தது. மனைவியின் தம்பியும் இன்னும் சிலரும் முக்கி முனகித் தூக்கிக்கொண்டு போனார்கள். "மாமா, அடுத்த வாட்டி கடல் வேணும்னா நீங்களே கடலுக்குப் பக்கத்துல வீடு பாத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று மச்சான் மூச்சு வாங்கச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

புதுத் தண்ணீர் பக்குவப்பட்ட பிறகு மீன்களும் பவளங்களும் ஒவ்வொன்றாக இடம் மாறின. வளைவுக் கல்லை மட்டும் ஒரு வாளியில் போட்டு, மூடி, பின்பக்க பால்கனியில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். நாளாக ஆக அந்தப் பட்டன்கள் தானாகச் செத்துவிடும், அதற்கப்புறம் கல்லை வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. வாளியில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. ஒட்டினால் ஏன் என்று அவள் கேட்பாளே.

இதற்கிடையில் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மனைவிக்குத் தொட்டியைப் பிடித்துப்போனது. வேலை விட்டு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அதன் முன் உட்கார்ந்துவிடுவாள். "அந்தக் கோடு போட்ட மீனுக்கு உங்க அம்மா மூஞ்சி" என்பாள். "பாத்து, அதுக்கு உங்க அம்மா வாய்" என்பார் இவர். மகள் நடுவில் புகுந்து எல்லா மீனுக்கும் சொந்தக்காரர்கள் பெயராக வைத்துத் தள்ளினாள். "நானும் ஏதாவது செய்யறேங்க. எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே பாக்கறீங்களே" என்றாள் மனைவி. அவருக்கு உச்சி குளிர்ந்தது. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாக்கு நுனிவரை வந்ததை அவர் மென்று விழுங்கினார். நல்லா இருக்கிற நேரத்தில் எதற்கு என்று நினைத்தார்.

வாளி நாற ஆரம்பித்தது. மேல்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். மனைவிக்கு மானம் போனது. தேடிப் போய் வாளியைக் கண்டு அவரிடம் சொன்னாள். "நான் பாத்துக்கறேன், நீ அதைத் தொடாதே" என்றார். ஏன் தொடக்கூடாது என்பதை அப்போதும் சொல்லவில்லை. வீட்டு வேலையில் எதையாவது தொடாதே என்று கணவன் சொன்னால், பாவம், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுவாரம் ஒருநாள் மகளுக்குப் பள்ளி விடுமுறை. மனைவியும் லீவு போட்டிருந்தாள். அவர் ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலையாக இருந்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, உங்களுக்கு ஒரு வேலையை மிச்சம் பண்ணிட்டேன், தெரியுமா?" குரலில் அவ்வளவு குஷி.

"என்ன வேலை?"

"பின்னாடி நாறிட்டு இருந்துச்சே, அந்தக் கல்லு. பிரஷ் போட்டுத் தேச்சுப் பாத்தேன், போகவே இல்ல. அதான் பெரிய பாத்திரத்துல போட்டு அடுப்புல ஏத்திட்டேன். எங்க கிளினிக்ல எதுவா இருந்தாலும் சூடு காட்டித்தான் சுத்தம் பண்ணுவோம். இப்பதான் கொதி வந்திருக்கு. பாப்பா இங்கேயே உக்காந்து படம் வரைஞ்சிட்டிருக்கா. ராத்திரிக்குள்ள கல்லைத் தொட்டியில வெச்சுடலாம்."

அவர் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடுப்ப அணை! பாப்பாவத் தூக்கிட்டு வெளியே போ!"

"ஏன் இப்படிக் கத்தறீங்க?"

"அந்த ஆவி விஷம். போ, பேசிட்டு நிக்காதே."

"நீங்கதானே விஷமெல்லாம் இல்லேன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

எதிர்முனையில் பாத்திரம் கொதிப்பது மட்டும் கேட்டது. பிறகு ஒரு இருமல். அடுத்து இன்னொன்று, ஆழத்திலிருந்து. "வாயெல்லாம் ஒரு மாதிரி கசக்குது. இரும்ப நக்கின மாதிரி..." என்றவள், "பாப்பா! எழுந்திரு, எழுந்திரு!" என்று கத்தினாள். போன் எங்கோ விழுந்தது.

அவர் படிகளில் உருண்டு புரளாத குறையாக இறங்கி ஓடினார். ஓடிக்கொண்டே மச்சானுக்கும் மேல்வீட்டு அம்மாவுக்கும் போன் போட்டார்.

வீட்டில் நடந்ததை மகள்தான் பிறகு சொன்னாள். அம்மா அவளைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே விட்டிருக்கிறாள். விட்டதும், "அடுப்ப அணைக்கணும்னு அப்பா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். அன்றைக்கு அவர் பேச்சில் அவள் நம்பியது அது ஒன்றைத்தான். அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறக்கப் போனவள் அங்கேயே சரிந்துவிட்டாள்.

மச்சான் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அக்காவை இழுத்து வந்தான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. மூச்சு சீழ்க்கை மாதிரி வந்தது. மகளுக்குக் காய்ச்சலும் இருமலும். ஓடி வந்து சேர்ந்த அவரிடம் டாக்டர் அவசரமாகக் கேட்டார்.

"என்ன கெமிக்கல்?"

"கெமிக்கல் இல்லைங்க. பவளம்."

"பவளமா? மோதிரத்துல வைப்பாங்களே, அதுவா?"

இல்லை என்று ஆரம்பித்து, கடைக்காரர் தன்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது. மூச்சை நாங்க மெஷின் வெச்சுப் பாத்துக்கறோம். மத்தத அவங்க உடம்புதான் பாத்துக்கணும்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மச்சான் மெதுவாகத் திரும்பினான்.

"மாமா. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மச்சான் போய் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டான்.

மகள் சீக்கிரமே தேறிவிட்டாள். மனைவி பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் அவர் அந்த வராந்தாவில் கிடந்த கிடப்பை எழுதி மாளாது. கடைசியில் மெஷினை எடுத்தார்கள். பிழைத்தாள். நுரையீரல் மட்டும் பழையபடி ஆகாது, பார்த்து இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் மீன் கடைக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து கல்லையும் பாத்திரத்தையும் கட்டி எடுத்துப்போயிருந்தார். சமையலறையைக் கழுவிக் கொடுத்ததும் அவர்தான். போகும்போது, "வீட்டுல சொல்லி வைங்கன்னு சொன்னேனே தம்பி" என்றார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய தொட்டி ஹாலில் அப்படியே இருந்தது. சொந்தக்காரர் பெயர் கொண்ட மீன்கள் எதுவும் நடக்காததுபோல் சுற்றிச் சுற்றி வந்தன. மனைவி வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கி எறியச் சொல்வாள், திட்டுவாள், அழுவாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டமாட்டாளா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

அன்று இரவு மருந்து கொடுக்கும் நேரம். அவர் மருந்து பாட்டிலையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"டாக்டர் கொடுத்ததுதான். இருமலுக்கு. குடி."

அவள் பாட்டிலை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூடியைத் திறக்கவும் இல்லை.

"பாப்பா, இங்க வா. இதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

மகள் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "இரு...ம...லுக்கு. காலை, இரவு. ஒரு மூடி."

"வேற என்ன எழுதியிருக்கு?"

"நல்லா குலுக்கிட்டுக் குடிக்கணுமாம்."

"அவ்வளவுதானா? பின்னாடி திருப்பிப் பாரு."

"அவ்வளவுதாம்மா."

அப்புறம்தான் மூடியைத் திறந்து, ஊற்றிக் குடித்தாள். அவர் தண்ணீர் டம்ளரை இன்னும் நீட்டியபடியே நின்றார். அவள் அதைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பார்.

"பாப்பா, நீ போய்த் தண்ணி கொண்டா" என்றாள்.

மகள் அப்பாவின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.