வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்

என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. இது நேற்று இன்று வந்த வியாதி இல்லை. எங்கள் கல்யாண போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் அவர் கை மட்டும் மங்கலாக இருக்கும். போட்டோ எடுக்கிற அந்த ஒரு நிமிஷம்கூட மனிதரால் கையை ஆட்டாமல் நிற்க முடியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். காலையிலிருந்து மாலை வரை உயரமான கட்டடங்களில் ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே அழுகிறவர்களிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகப் பேசுவாராம். கூட வேலை பார்ப்பவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டில் அந்தப் பொறுமையை நான் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பாடு வாயில் இருக்கும்போதே எழுந்து ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்ப்பார்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருடம்தான் அந்தக் காரை வாங்கினார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. இவர் லிஃப்ட் பார்க்கிற கட்டடத்தில் இருந்த டாக்டர் ஒருவருடையது. குனிந்து ஏறி இறங்கி டாக்டருக்கு இடுப்பு போய்விட்டது, இவரிடம் விற்றுத் தள்ளிவிட்டார். இவர் ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டு போனார். சீட்டு அவ்வளவு தாழ்வு, தரையில் உட்கார்ந்தே இழுபடுகிற மாதிரி இருந்தது. "ஐயோ, நிறுத்துங்க! இறக்கி விடுங்க!" என்று கத்தி, பாதி வழியில் இறங்கி, டாக்ஸி பிடித்து வீடு வந்தேன். இனிமேல் செத்தாலும் அதில் கால் வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வதுதானே! அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்புவார், மதியம் தாண்டி வருவார். இன்னொரு தடவை கூப்பிடுவார், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுப் போகலாம் என்று நானும் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் புதிதாக ஒரு திட்டம் சொன்னாள். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிரீமியம் குறையுமாம். மூவாயிரம், ஐயாயிரம், எட்டாயிரம் என்று மூன்று வகை.

"இந்த கார்ல வேலைக்குப் போவீங்களா சார்?"

"இல்லம்மா. சும்மா, ஆசைக்கு ஓட்டறதுதான்."

"வாரத்துக்கு எவ்வளவு தூரம் வரும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நூத்தம்பது கிலோமீட்டர் வரும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்னமோ ஊரைச் சுற்றிவிட்டு எங்கேயாவது காபி குடித்துவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அவ்வளவு தூரம் எங்க போறீங்க?" என்றேன்.

"எங்கயும் இல்ல. போறேன், திரும்பி வரேன்."

என்னோடு ஒரு வீட்டில் உட்கார முடியாமல்தான் மனிதர் ஓடுகிறார் என்று பட்டது. "மூவாயிரமே போடுங்கம்மா" என்றேன்.

"சார் சொல்ற கணக்குக்கு அது பத்தாது மேடம். தாண்டின பிறகு ஏதாவது ஆச்சுன்னா கிளைம் பண்றது கஷ்டம்."

"தாண்ட மாட்டார். நான் பாத்துக்கறேன்."

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். காசு யாருக்கு வேண்டும்? அவரைக் கட்டிப்போட எனக்கு ஒரு கயிறு கிடைத்தது, அவ்வளவுதான். அவரும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டிப்போட்டது யாரை என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு வீட்டில். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் எனக்குத் தலைவலி. நன்றாக இருந்த குழாயைக் கழற்றினார். சத்தமே போடாத கதவுக்கு எண்ணெய் விட்டார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் அவர் நடக்கிற நடையில் எனக்கும் உட்கார முடியாமல் போனது. தையல் வேலை செய்கிறவள் நான், கை பதறினால் தையல் கோணிப் போகும். மூவாயிரமும் முடிந்து காரை ஷெட்டில் பூட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம். ராத்திரி படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் பள்ளி யூனிஃபார்ம் கொடுக்க வேண்டிய அவசரத்தில் துணி வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன், என் தையல் மிஷின் பேப்பர் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"சர்வீஸ் பண்றேன்" என்றார்.

"யார் கேட்டா உங்கள சர்வீஸ்? நாளைக்கு நான் என்ன கையாலயா தைக்கறது? எங்கயாவது போய்த் தொலைங்க!"

"எங்க போறது? நீதான் மூவாயிரம் போட்டயே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணோம். ஷெட்டில் போய்ப் பார்த்தால், நிற்கிற காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபக்கக் கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்தேன்.

"என்னைப் பிடிக்காமத்தான் ஓடறீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார். "சும்மா இருந்தா மனசு அடிச்சுக்குது. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியாது. ஓட்டும்போது மட்டும் அது அடங்குது. அடங்கினதும் உன் ஞாபகம்தான் வரும். வழியில பாக்கறதையெல்லாம் உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே வருவேன். வாசல்ல நீ உர்ருன்னு நிப்ப. எல்லாம் மறந்து போயிடும்."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீதானே செத்தாலும் கால் வைக்க மாட்டேன்னு சொன்ன?"

"சொன்னா விட்டுடறதா? என்ன மனுஷன் நீங்க!"

அவர் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல் ஆடாமல் இருந்தன.

மறுநாள் அவர் கழற்றிய மிஷினைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தபோது நானே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். வருடம் முடியாவிட்டாலும் கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

"எவ்வளவு சேக்கணும் மேடம்?"

"இதுவரைக்கும் அவர் மட்டும்தான் போனார். இனிமே நானும் போறேன். ரெண்டு பேர்னா எவ்வளவு ஆகும், பாத்துச் சொல்லுங்கம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "ஒருத்தர் போனாலும் ரெண்டு பேர் போனாலும் கிலோமீட்டர் ஒண்ணுதான் மேடம். பக்கத்து சீட்டுக்கு நாங்க எதுவும் போடறதில்ல."

வாராவாரம் அந்த சீட்டு காலியாகவே போய்க் காலியாகவே வந்திருக்கிறது. போனைக் காதில் வைத்தபடியே அழுதேன்.