ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கோடு

ஜெயக்கொடியை யாராவது "அமைதியான பொண்ணு" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அமைதியாக இருப்பது வேறு, வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்குவது வேறு. மாடம்பாக்கத்தில் பிறந்து, எங்கள் முடிச்சூரில் ஏகநாதன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நெல் விளைந்த நிலத்தை மனை மனையாக விற்று நிமிர்ந்த அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று முதலில் வந்தது அவளுடையதுதான். தன் வீட்டுக்குப் பக்கத்து மனையை எங்களுக்கு விற்றதும் ஏகநாதன்தான். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் தாம்பரம் போவோம். பழக்கம் அப்படி வந்தது.

அப்போதெல்லாம் டிக்கெட் கவுண்டர் என்றால் ஒரு சின்ன அரைவட்ட ஓட்டைதான். உள்ளே இருப்பவரின் முகம் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. காசை நீட்டினால் ஒரு கை வரும், அட்டை டிக்கெட்டையும் சில்லறையையும் வைத்துவிட்டுப் போய்விடும். ஜெயக்கொடிக்குக் கையில் முடி அடர்த்தி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருகருவென்று இருக்கும். வீட்டோடு இருந்தவரை அது அவளோடு போயிற்று. வேலைக்கு வந்த பிறகு வரிசையில் நிற்கிற ஊர் முழுக்கப் பார்த்தது.

கையை மட்டும் பார்த்துவிட்டு, "சார், பீச் ஸ்டேஷன் ஒரு ரிட்டர்ன்" என்பார்கள். அவள் பதில் பேசாமல் டிக்கெட்டைக் கொடுப்பாள். ஒரு நாள் ஒரு காலேஜ் பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "மச்சான், வளையல் போட்ட சாருடா" என்றானாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பையனைத் தேடிப் பிடித்து முட்டி போட வைத்திருப்பேன்.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. மஞ்சளை அரைத்துப் பூசினாள். முடி போகவில்லை, டிக்கெட்டெல்லாம் மஞ்சளானதுதான் மிச்சம். ஒருமுறை புருஷன் குப்புராஜின் பிளேடை எடுத்தாள். மாமியார் கங்கையம்மாள் பார்த்துவிட்டார். "பொம்பள எடுக்கற சாமானா அது? நாளைக்கு முள்ளு முள்ளா மொளைக்கும். நீ இன்னா சினிமாவுலயா நடிக்கப் போற?" என்று ஒரு பிடி பிடித்தார். அவர் சொன்னபடியேதான் முளைத்தது.

என் தங்கை அருள்மேரி மஸ்கட்டில் நர்ஸ். தொண்ணூற்றொன்றில் லீவுக்கு வந்தபோது என் பேச்சைக் கேட்டு ஜெயக்கொடிக்காக ஒரு மெஷின் வாங்கி வந்தாள். சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக இருந்தது. வாயில் சின்னச் சின்ன வட்டத் தகடுகள். பிளக்கில் சொருகினால் தகடுகள் சுற்றிச் சுற்றி முடியைக் கவ்வி வேரோடு பிடுங்கிப் போடும். முதல் தடவை என் வீட்டுச் சமையலறையில் வைத்துதான் போட்டுப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் கொல்லையில் இருந்த என் கணவர் சவுரிமுத்து, தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். எண்ணெய் தெறித்தது என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு அவளே பழகிக்கொண்டாள். பவுடர் போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக ஓட்டினால் வலி குறைவு. ஓட்டியதும் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். இடது கை சுலபம். டிக்கெட் கொடுக்கிற வலது கைதான் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் மெஷினை இடது கையில் பிடிக்க வேண்டும். சிவப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் பஸ்ஸில் கையை நீட்டி, "தொட்டுப் பாருங்கக்கா" என்றாள். வழவழவென்று இருந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கர்வமாக இருந்தது.

என் வீட்டிலேயே வைத்துப் போட்டுக்கொள் என்றுதான் சொன்னேன். "இல்லக்கா, என் கைய என் வீட்லயே பாத்துக்கறேன்" என்றுவிட்டாள். ஆனால் அந்த வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? மெஷின் மிக்சி மாதிரி இரையும். ஆளாளுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து, சத்தமும் பலமாக இருக்கும் நேரம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டிவியில் தமிழ்ப் படம் போடும் நேரம். தலைவலி என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி உள்ளே போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. நானும் ஏகநாதன் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கதாநாயகி அழ ஆரம்பிப்பாள், திரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும். கர்ரென்று இரைச்சல் வேறு. குப்புராஜ் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவார். "இப்ப?" என்பார் மேலிருந்து. "சரியாச்சு" என்று கத்துவோம். அவர் கீழே இறங்கி வருவதற்குள் மறுபடி கோடு வந்துவிடும். பாவம், மனுஷன் ஒரு படமும் முழுசாகப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு ஏகநாதன் காதைத் தீட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "டீச்சரம்மா, உங்க வூட்டு போர் மோட்டாருதான் ஓடிக்கினு கீது. அதான் கோடு" என்றார். என் கணவர் அந்த நேரத்தில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது உண்மைதான். படம் முடிகிறவரை போட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. கோடு மட்டும் தவறாமல் வந்தது. ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று, "மனைய வித்ததே நானு. எனக்கே பேஜார் குடுக்கறான். கேட்டா போடலன்னு பொய் வேற" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

சவுரிமுத்து குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். பொய் என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.  மறுநாள் காலையில் கங்கையம்மாள் கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரையை அப்படியே திருப்பி அனுப்பினேன். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அதே கோபத்தோடு பஸ்ஸில் ஏறி ஜெயக்கொடியிடம் கொட்டித் தீர்த்தேன். "கோடு வருது, நிக்குது, மறுபடி வருது. எந்த ஊர்லயாவது மோட்டார் மூச்சு வாங்கிட்டு ஓடுமா? உங்க மாமனாருக்கு அறிவு வேணாம்?"

 தாம்பரத்தில் இறங்கியதும் அவள் என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். "அக்கா, வலி தாங்காம நான்தான் மெஷின நிறுத்தி நிறுத்திப் போடுவேன். கோடு வரதே எனக்குத் தெரியாது. நான் உள்ளதானே இருக்கேன்" என்றாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் தங்கை கொண்டு வந்த மெஷின் என் புருஷனையே பொய்க்காரராக்கிவிட்டதே. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"விடு. இனிமே வீட்ல போடாத. கோடு நின்னுடும், விஷயம் முடிஞ்சுது" என்றேன்.

"நின்னா, நான் திட்டினதும் அடங்கிட்டான்னு மாமா சொல்வாரு. சவுரி அண்ணனுக்கு அந்தப் பேர் அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும் போ" என்றேன். மனசாரச் சொல்லவில்லை. ஆனால் வேறென்ன சொல்வது? உண்மையைச் சொல்வதென்றால் அவள் கை முடியைப் பற்றி மாமனார் முன்னால், தெருக்காரர்கள் முன்னால் சொல்ல வேண்டும். இத்தனை காலம் முழங்கைக்குக் கீழே வரை ஜாக்கெட் தைத்துப் போட்டு முடிந்தவரை மறைத்தவள். அவளிடம் போய் எனக்காகச் சொல் என்று எந்த வாயால் கேட்பேன்?

அந்த ஞாயிறு, படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவளே எங்கள் கேட்டுக்கு வந்தாள். "அண்ணனக் கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள். அவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். ஏகநாதன் தன் நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி புடவைத் தலைப்புக்குள்ளிருந்து மெஷினை எடுத்து, டிவிக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகி, போட்டாள். திரை முழுக்கக் கோடு. நிறுத்தினாள். கோடு போய்விட்டது. மறுபடி போட்டு மறுபடி நிறுத்தினாள்.

"மோட்டார் இல்ல மாமா. இதுதான். அண்ணன் பொய் சொல்லல" என்றாள்.

"இன்னாம்மா மெஷினு அது?"

"கையில இருக்கற முடிய எடுக்கறது." அவள் அதோடு நிறுத்தவில்லை. "என் கையப் பாத்துட்டு கவுண்டர்ல எல்லாரும் சார்னு கூப்புட்டாங்க மாமா. இது வந்தப்புறம் யாரும் கூப்புடல. மறைச்சு வெச்சேன். தப்புன்னா சொல்லுங்க."

 குப்புராஜ் மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கங்கையம்மாள் வாயைத்தான் பயந்துகொண்டு பார்த்தேன். அவர் மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

"வலிக்கும் அத்தை."

ஏகநாதன் எழுந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. என் கணவரின் தோளை அழுத்தித் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். "உக்காரு சவுரி. சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றார். அப்புறம் மருமகளைப் பார்த்து, "படம் ஓடறப்போ வேணாம்மா. ராத்திரிக்கு இந்தி நியூஸ் போடுவான் இல்ல, அப்ப போட்டுக்கோ. அவன் இன்னா சொல்றான்னு இங்க எவனுக்குப் புரியுது?" என்றார்.

கூடமே சிரித்தது. ஜெயக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். 

படம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்திச் செய்தி ஆரம்பித்தது. ஜெயக்கொடி உள்ளே போனாள். கங்கையம்மாள் ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி எழுந்து அவள் பின்னாலேயே போனார். செய்தி வாசிப்பவரின் முகத்தில் கோடு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. உள்ளேயிருந்து "ஐயோ, யம்மா" என்று ஒரு கத்தல் வந்தது. அது ஜெயக்கொடியின் குரல் இல்லை.

ஏகநாதன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கணவர் பக்கம் சாய்ந்தார். "அவளுக்குத் தாடைல நாலு முடி கீது சவுரி. இத்தினி வருசமா நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு கீறா" என்றார். "நானும் பாக்காத மாதிரியே இருந்துட்டேன்."